அக்சலோட்டிலும் அதன் நீரும்

தவளை முதலிய ஈரூடக வாழிகள் இளமையிலே ஓருருவும் முதிர்ச்சியிலே வேறோருருவும் கொண்டு விளங்குவன. வாற்பேத்தையானது நீருள்ளே செவுளால் மூச்செறிந்து வாழ்ந்து, பின்னர் வாலும் செவுளும் இழந்து, காலும் நுரையீரலும் பெற்றுக் கரையேறுதலை மழைக்காலத்துக் குளக்கரைகளிலே கண்டறியாதார் அரியர். இம்மாற்றத்தினை உருமாற்றம் என்பர் உயிர்நூலார். இப்பொதுமுறைக்கு விலக்காக, குடம்பிப் பருவத்திலேயே நின்றுகொண்டு, அந்நிலையிலேயே இனமும் பெருக்கி, கரையேறாமலே தன் வாழ்நாளைக் கழிக்கும் உயிரொன்று உண்டு. அதுவே மெக்சிக்கோ நாட்டு அக்சலோட்டில். என்றும் பதினாறாய் விளங்கிய மார்க்கண்டேயரை நினைவூட்டும் இவ்வுயிர், இன்று பல நாடுகளிலே வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றது. நன்கு பேணப்படின் அது 10 முதல் 15 ஆண்டுவரை வாழும். ஆயினும், விருப்போடு வாங்கப்பட்டவை சில திங்களுள்ளே மாய்ந்துபோதலும் உண்டு. அவ்வாறு மாய்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது வளர்ப்போரின் கொடுமையன்று, அவர்தம் அறியாமையே. இவ்வுயிரின் பிறப்பிடத்தையும் உடலமைப்பையும் அறிந்தார்க்கு, அதனைப் பேணும் முறைகள் யாவும் தாமே விளங்கும். அறியாதார்க்கோ அவை காரணமற்ற வெறுங்கட்டளைகளாகவே தோன்றும். எனவே அவ்விரண்டனையும் முதற்கண் நோக்குதல் முறையாகும்.

மெக்சிக்கோ நகர் அமைந்துள்ள பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்திலே உள்ளது. முன்னாளில் அப்பள்ளத்தாக்கிலே பல ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கிடந்தன. அவற்றுள் தென்பாலிருந்த சொச்சிமில்கோ, சால்கோ என்னும் இரு நன்னீர் ஏரிகளே அக்சலோட்டிலின் தாயகம். ஊற்றுக்கள் பல அவற்றுக்கு நீரூட்டின. அவ்வேரிகளின் ஆழமற்ற பகுதிகளிலே சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கி உயர்த்தி, 'சினம்பா' எனப்படும் தோட்டத் திடல்களை மக்கள் ஆக்கினர். திடல்களுக்கிடையே ஓடிய வாய்க்கால்களில் அக்சலோட்டில் வாழ்ந்தது. மெக்சிக்கோ வெப்பவலயத்தைச் சார்ந்த நாடன்றோ, அங்குள்ள நீர் வெம்மையுடையதாதல் வேண்டுமே என ஒருவர் ஐயுறலாம். அகலக்கோடொன்றே ஓரிடத்தின் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை. உயரமும் அதனைத் தீர்மானிக்கும். நுவரெலியாவின் குளிரை அறிந்தார்க்கு இது புதிதன்று. நுவரெலியாவினும் உயர்ந்த இடத்திலே கிடந்த ஏரியின் நீர் எத்தகைய தண்மையுடையதாயிருந்திருக்கும் என்பதை எளிதில் உய்த்துணரலாம்.

உயிர்நூலார் இதனை அம்பிசுற்றோமா மெக்சிக்கானம் எனப் பெயரிட்டு, சலமந்தர் வகுப்பிலே சேர்ப்பர். முழு வளர்ச்சியுற்றது பொதுவாக 23 முதல் 30 சதமமீற்றர் நீளமுடையது. அகன்ற தலை, இமையற்ற சிறு கண்கள், நான்கு குறுங்கால்கள், பக்கங்களில் தட்டையான வால் என்பன இதன் உறுப்புக்கள். தலையின் இருமருங்கும் மும்மூன்றாக இறகுபோல் விரிந்து நிற்பன இதன் செவுள்கள். மீனின் செவுள்போல மூடியினுள்ளே மறைந்திராது, இவை நீரிலே வெளிப்படையாக அசைந்துகொண்டிருக்கும். செவுளாலன்றித் தோலாலும் இது ஒட்சிசனைப் பெறும். சிறு நுரையீரலும் இருத்தலின் இடையிடையே மேலெழுந்து காற்றினை விழுங்கும். இயற்கையிலே இதன் நிறம் கரும்பழுப்பு. வீடுகளிற் பெரிதும் காணப்படும் வெண்ணிறத்தனவும் பொன்னிறத்தனவும் மனிதராற் பேணிப் பெருக்கப்பட்டவை. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், செவுளும் தோலும் மெல்லியனவாய் நீரோடு நேரே தொடர்புற்றிருத்தலின், நீரிற் கலந்துள்ள நன்மையும் தீமையும் தடையின்றி இதன் குருதியைச் சென்றடையும் என்பதே.

இதன் பெயருக்கும் ஒரு கதை உண்டு. அக்சலோட்டில் என்பது நாவாத்தில் மொழிச் சொல். அம்மொழியில் 'ஆத்தில்' என்பது நீரைக் குறிக்கும். 'சொலோத்தில்' என்பது அசுத்தேக்கர் வழிபட்ட ஒரு தெய்வத்தின் பெயர். தெய்வங்கள் யாவும் உயிர்ப்பலியாக வேண்டிய வேளை வந்தபோது சொலோத்தில் இறப்புக்கு அஞ்சி ஓடிற்றாம். முதலிற் சோளப் பயிராகவும், பின்னர்க் கற்றாழை போன்ற செடியாகவும் உருக்கொண்டு ஒளிந்து, ஈற்றிலே நீருட் புகுந்து அக்சலோட்டிலாயிற்றாம். அங்கும் அது பிடிபட்டு இறந்தது என்பது கதை. சிவலிங்கத்தைத் தழுவி யமனை வென்ற மார்க்கண்டேயர் கதைக்கு மாறாக, நீரிற் புகலடைந்தும் உய்யாத கதை இது. இக்கதையின் கருத்து இக்கால அக்சலோட்டிலுக்கும் பொருந்துதலைப் பின்னர்க் காணலாம்.

மேனாட்டு அறிஞரை இவ்வுயிர் நெடுங்காலம் மயங்கவைத்தது. அமெரிக்கப் பயணத்தை முடித்து 1804 ஆம் ஆண்டில் மீண்ட அம்போல்ற்று என்பார் கொணர்ந்த அக்சலோட்டில் உடல்களை ஆராய்ந்த பிரான்சிய அறிஞர் கூவியே, இது யாதோ ஒரு சலமந்தரின் குடம்பியாதல் வேண்டும் எனக் கருதினார். ஆயின் முதிர்ந்த உருவினை எவரும் கண்டிலர். 1864 ஆம் ஆண்டில் உயிருள்ள அக்சலோட்டில்கள் 34 பாரிசு நகரை அடைந்தன. அவற்றுள் ஆறினைப் பெற்ற ஒகுத்து தூமெரில் என்பார் வளர்த்துவர, 1865 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவை முட்டையிட்டன. குடம்பியெனக் கருதப்பட்டது இனம்பெருக்கியமை கண்டு அறிஞர் வியந்தனர். அவ்வாண்டிலேயே பிறந்த குஞ்சுகளுட் சில செவுளிழந்து, நிலத்துக்குரிய சலமந்தர் வடிவத்தை அடைந்தபோது வியப்பு இருமடங்காயிற்று. புதிரை அவிழ்க்கும் வழி பின்னரே புலப்பட்டது. 1913 இல் இலாவுபேர்கர் என்பாரும், 1920 இல் யூலியன் அக்சிலி என்பாரும் அக்சலோட்டிலுக்குத் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாக ஊட்ட, அது உருமாறிற்று. உருமாறும் ஆற்றல் உடலில் உண்டு. அதனைத் தூண்டும் சுரப்பே போதிய அளவில் எழுவதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது.

இவ்வரலாறு வளர்ப்போர்க்கு ஒரு பாடமும் புகட்டுகின்றது. அயடீனையோ தைரொயிட்டுச் சுரப்பினையோ கொடுத்து இதனை உருமாற்ற முயல்வது தீங்காகும். உருமாறியது பின்னர் நீரிலே வாழமாட்டாது. மாற்றத்தின்போதே இறத்தலும், பிழைப்பினும் வாழ்நாள் குறுகுதலும் உண்டு. பிற உயிர்க்கு வளர்ச்சியாவது இதற்கு ஊறாகின்றது. ஆதலின் அக்சலோட்டிலைப் பேணுதலாவது அதன் குழவிப்பருவத்தைக் காத்தலேயாம். அப்பருவத்துக்கு வேண்டிய நீரினை அமைத்துக் கொடுத்தலே வளர்ப்போரின் முழுத் தொழிலும் எனலாம்.

நீரின் பண்புகளுள் முதன்மையானது அதன் வெப்பநிலை. இவ்வுயிருக்கு 16 முதல் 18 வரையான சதமவளவைப் பாகை மிகவும் உகந்தது. 20 பாகையை மேவாதிருத்தல் நன்று. 24 பாகையும் அதற்கு மேலும் நெடுநேரம் நிற்பின் உணவை மறுக்கும், நோய்வாய்ப்படும், இறக்கவுங் கூடும். இதற்குக் காரணம் இரண்டு. வெப்பம் ஏற ஏற நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். கடல்மட்டத்தில் 16 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும்; 30 பாகையிலோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராமையே கொள்ளும். ஆனால் வெப்பத்தினால் உடலின் தொழிற்பாடு விரைவுற, ஒட்சிசன் தேவையோ மிகும். வரவு குறையுங்கால் செலவு கூடுதல் போன்றது இது. அன்றியும், நோய்விளைக்கும் பங்கசுகளும் பற்றீரியங்களும் வெம்மையிலே விரைந்து பெருகும். வெப்பவலயத்து மீன்களுக்கென விற்கப்படும் சூடாக்கி இதற்கு வேண்டுவதன்று. குளிர்நாடுகளிலே நிழலான அறையொன்று போதியதாகலாம். இலங்கையின் கரையோரங்கள் போன்ற வெப்ப இடங்களிலோ, அறையில் வைத்த நீர் ஆண்டு முழுவதும் அளவுக்கு மிஞ்சிய வெம்மையுடையதாகவே இருக்கும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வீசச் செய்தால் ஆவியாதலினாற் சில பாகையே குறையும். பனிக்கட்டி இட்டாலோ வெப்பநிலை திடீரென ஏறியிறங்கி வருத்தும். அத்தகைய இடங்களில் நீர்குளிரூட்டும் பொறியை இடையறாது இயக்க இயலாதார் அக்சலோட்டிலை வளர்க்கத் தொடங்காமையே அறமாகும்.

இரண்டாவது, நீரின் தூய்மை. கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் நீரெல்லாம் தூய நீரன்று. இவ்வுயிரின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகும். அது செவுளையும் தோலையும் எரிக்கும் நஞ்சு. ஒருவகைப் பற்றீரியங்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொருவகை அந்நைத்திரைற்றினை நைத்திரேற்றாக மாற்றும். இது தீங்கு குறைந்தது. ஏரியிலே சேறும் செடியும் கல்லும் இப்பற்றீரியங்களுக்கு உறைவிடமாயிருந்தன. புதிய தொட்டியில் அவை இல்லை. ஆதலின், உயிரை இடுதற்கு முன்னரே, தொட்டியில் நீர் நிரப்பி, வடிகருவியை இயக்கி, அமோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அவற்றைப் பெருகச் செய்தல் வேண்டும். இதற்கு நான்கு முதல் எட்டுக் கிழமைவரை செல்லும். பொறுமையில்லாதார் இவ்விடத்திலேயே தவறுவர். சேர்த்த அமோனியா ஒரு நாளுள் முற்றாக மறைந்து, நைத்திரைற்றும் காணப்படாதபோதே தொட்டி ஆயத்தமாயிற்றென்று கொள்ளலாம். பின்னரும் கிழமைதோறும் நீரைச் சோதித்தல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதும் இருத்தலாகாது. நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமளவில் அடங்கியிருத்தல் நன்று. கிழமைக்கொருமுறை நாலிலொரு பங்கு நீரை நீக்கிப் புதுநீர் வார்ப்பதனால் நைத்திரேற்று மிகாது காக்கலாம். புதுநீர் குழாய் நீராயின், அதிலுள்ள குளோரீன் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையெனின் அது செவுளைப் புண்படுத்துவதோடு, பயன்தரும் பற்றீரியங்களையும் கொன்றுவிடும். வடிகருவியின் பஞ்சினைக் குழாய் நீரிற் கழுவாது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கழுவுதலும் இக்காரணம் பற்றியதே.

மூன்றாவது, தொட்டியின் அமைப்பு. ஓர் அக்சலோட்டிலுக்குக் குறைந்தது 75 லீற்றர் கொள்ளும் தொட்டி வேண்டும். நீர் மிகுந்தால் அதன் பண்பு எளிதில் மாறாது. இவ்வுயிர் அடித்தளத்திலே நடந்து திரிவதாதலின், உயரத்தினும் தளத்தின் பரப்பே சிறப்புடையது. இதன் ஏரியிலே விரைந்த நீரோட்டம் இல்லை. எனவே வடிகருவியின் ஓட்டமும் மென்மையாதல் வேண்டும். காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகருவி இதற்குப் பொருத்தமானது. ஓட்டம் கடுமையாயின் செவுள்கள் முன்னோக்கி வளையும். வால் நுனி சுருளும். இமையில்லாக் கண்ணுக்குப் பேரொளி ஆகாது. ஒளி மங்கியதாயும், ஒதுங்கியிருக்கக் குகை போன்ற மறைவிடம் உடையதாயும் தொட்டி அமைதல் வேண்டும். அடியிலே சிறுகற்களைப் பரப்புதல் பெரும் பிழை. அக்சலோட்டில் இரையைக் கடித்து மென்று உண்பதில்லை. வாயைச் சடுதியாகத் திறந்து நீரோடு இரையையும் உறிஞ்சும். அப்போது கல்லும் உட்செல்லும்; சென்ற கல் குடலை அடைத்து உயிரைப் போக்கலாம். வெறுந் தளமோ மிக நுண்ணிய மணலோ தக்கது. எனினும் குஞ்சுகளுக்கு மணலும் ஆகாது.

உணவுகளுள் மண்புழுவே தலைசிறந்தது. அது பூச்சிகொல்லியும் செயற்கையுரமும் படாத நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதாதல் வேண்டும். ஊனுண்ணும் நீர்வாழ் உயிர்க்கெனச் செய்த, நீரில் அமிழும் உணவுருண்டைகளையும் இடையிடையே கொடுக்கலாம். புதிதாகப் பொரித்த குஞ்சுகள் அசையும் இரையையே உண்ணுமாதலின், அவற்றுக்கு நுண்ணிய உயிரிரை நாள்தோறும் வேண்டும். வளர்ந்தவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று நாளைக்கொருமுறை உணவிட்டாற் போதும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவற்றின் கொழுப்பினை இதன் குடல் நன்கு செரிக்கமாட்டாது. உண்ணாது விட்டதை உடனே அகற்றல் வேண்டும். அன்பினால் மிகுதியாக ஊட்டுவோர் உண்மையில் அமோனியாவையே ஊட்டுகின்றனர்.

துணையின்றித் தனித்திருத்தல் இதற்குத் துன்பம் எனக் கருதிப் பிற மீன்களைக் கூடவிடுவாரும் உளர். அக்சலோட்டில் கூட்டத்தை விரும்பும் உயிரன்று. மீன்கள் அசையும் செவுளைப் புழுவென எண்ணிக் கொறிக்கும். சிறுமீனை அக்சலோட்டில் விழுங்கும். மீனிலிருந்து ஒட்டுண்ணிகளும் தொற்றும். இளம் அக்சலோட்டில்களை ஒருங்கு வைத்தாலும் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் முளைக்கும் என்பது உண்மையே. காலும் வாலும் மட்டுமன்றி, முண்ணாணும் இதயத்தின் ஒரு பகுதியுங்கூடத் தழும்பின்றி வளரும் இவ்வியப்பான ஆற்றலே ஆய்வுகூடங்களிலே இதற்குப் பெருமதிப்பைத் தந்துள்ளது. மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு பெரிதான இதன் பாரம்பரியப் பொருளின் வரிசை 2018 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆயின், மீண்டும் முளைக்கும் என்பதற்காகக் காயமுற விடுதல் தகாது. அழுக்கு நீரிலே புண் பழுதுற்று உயிரும் போகலாம். வெட்டுண்ட காலை வளர்க்கும் உடல் நஞ்சூறிய நீரை வெல்லமாட்டாது.

ஆணும் பெண்ணும் ஒருங்கிருப்பின் ஒரே முறையில் நூறு முதல் ஆயிரம் முட்டைவரை இடும். அத்துணைக் குஞ்சுகளுக்கும் இடமும் இரையும் அளிக்க இயலாதார் அவற்றைப் பிரித்து வைத்தல் வேண்டும். குஞ்சுகளை ஆற்றிலோ குளத்திலோ விடுதல் எந்நாட்டிலும் செய்யத்தகாத செயல்.

நோயின் குறிகளை முன்னரே அறிதல் நன்று. செவுள் வெளிறுதல் அல்லது சுருங்குதல், உணவை மறுத்தல், அடிக்கடி மேலெழுந்து காற்று விழுங்குதல், இயல்புக்கு மாறாக மிதத்தல், தோலிலோ செவுளிலோ பஞ்சுபோன்ற வெண்பூஞ்சணம் படிதல் என்பன அவை. இவற்றுள் எது தோன்றினும் முதலிற் சோதிக்க வேண்டியது உயிரை அன்று, நீரை. வெப்பநிலையும் அமோனியாவும் நைத்திரைற்றும் சீராக்கப்படின் பல குறைகள் தாமே நீங்கும். பூஞ்சணம் சிறிதாயின், ஒரு லீற்றர் குளிர்ந்த தூயநீரில் இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி உப்பினைக் கரைத்து, வேறொரு கலத்திலே பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் வைத்து எடுப்பர். அவ்வுப்பு அயடீன் சேராததாயிருத்தல் வேண்டும் என்பதன் காரணம் மேற்கூறியவற்றால் விளங்கும். மீனுக்கென விற்கப்படும் மருந்துகளுட் பல, சிறப்பாகச் செப்புச் சேர்ந்தவை, இதன் மென்தோலுக்கு நஞ்சாவன. நோய் கடுமையாயின் விலங்கு மருத்துவரை நாடுதலே தக்கது. தேவையின்றிக் கையாற் பற்றுதலும் ஆகாது. தோலின்மேலுள்ள வழுவழுப்பான படலமே அதற்குக் கவசம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொட்டியிலே அக்சலோட்டிலைக் கொல்வன மூன்று என்பது தெளிவாகும்: வெம்மை, அழுக்கு, ஒவ்வாத மீன். இனி அதன் தாயகத்துக்கு மீள்வோம். சால்கோ ஏரி வற்றச்செய்யப்பட்டது. சொச்சிமில்கோவிலே இன்று எஞ்சியிருப்பன வாய்க்கால்களே. அதற்கு நீரூட்டிய ஊற்றுக்கள் பெருகிவந்த நகரின் தாகத்துக்காகத் திருப்பப்பட்டன; அவற்றுக்கு ஈடாக வந்தது நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற நீர். மக்களுக்கு உணவாகுமென்று 1970 களிலும் 1980 களிலும் கெண்டை இன மீன்களும் திலாப்பியாவும் விடப்பட்டன. அவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகின. சதுர கிலோமீற்றருக்கு 1998 இல் ஏறத்தாழ 6,000 ஆகக் கணிக்கப்பட்ட அக்சலோட்டில்கள், 2008 இல் 100 ஆகவும், 2014 அளவில் 36 ஆகவும் அருகின. 1987 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதே சொச்சிமில்கோவின் நிலை இது. 2006 ஆம் ஆண்டிலே இவ்வுயிர் அழிவின் விளிம்பில் நிற்பனவற்றின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2021 இல் மெக்சிக்கோ மத்திய வங்கி வெளியிட்ட 50 பெசோ நாணயத்தாளிலே இதன் உருவம் பொறிக்கப்பட்டது. தாளிலே பெருகிய உயிர் நீரிலே அருகிற்று.

தொட்டிகளிலே எண்ணற்றவை இருத்தலின் இனம் அழியாது என ஆறுதல் கொள்வது பொருந்தாது. வீட்டிலும் ஆய்வுகூடத்திலும் வாழ்வன தலைமுறை பலவாக ஒரு சில மூதாதையரிலிருந்து பெருக்கப்பட்டவை. வேறின சலமந்தரோடு கலப்புற்ற வழியினவும் அவற்றுள் உண்டு. அவற்றை வாய்க்காலில் விட்டால் ஏரிக்குரிய இனம் மீளாது. கலப்பும் நோயுமே பரவும். ஆதலின் ஆய்வாளர் சிலர் சினம்பா உழவரோடு கூடி வேறொரு வழியை மேற்கொண்டுள்ளனர். சிறு வாய்க்கால்களின் வாயிலே தடுப்பு அமைத்து, அயல்மீனையும் அழுக்கையும் புகாது மறித்து, உள்ளே தெளிந்த நீரிலே ஏரிக்குரிய அக்சலோட்டில்களை வாழவிடுகின்றனர். நல்ல வளர்ப்பாளர் தொட்டியிற் செய்வதையே அவர்கள் ஏரியிற் செய்கின்றனர். நீரை முதலிற் காத்து, நீர்வழி உயிரைக் காக்கின்றனர்.

இறப்புக்கு அஞ்சி நீரிலே புகுந்த தெய்வத்தை நீரும் காக்கவில்லை என்கின்றது பழங்கதை. நீரைக் காப்பார் இன்மையால் நேர்ந்தது அது என இக்காலத்தார் அதற்குப் பொருள் காணலாம். கண்ணாடித் தொட்டியொன்றின் முன் நின்று, வெப்பமானியை நோக்கி, அளவறிந்து உணவிட்டு, கிழமைதோறும் நீர் மாற்றும் மாணவன் ஒருவன், விலங்கொன்றை வளர்க்கும் முறையை மட்டும் கற்பதில்லை. எவ்வுயிரும் தன் சூழலோடு பிரிவின்றிப் பிணைந்தது என்பதையும், ஒன்றைப் பேண விரும்புவோர் மற்றதனையும் பேணல் வேண்டும் என்பதையும் அவன் கைப்பழக்கத்தாற் கற்கின்றான். அவ்வறிவு அவன் வீட்டுத் தொட்டியோடு நின்றுவிடாது, ஊர்க் குளத்தையும் கிணற்றையும் நோக்கச் செய்யுமாயின், அக்சலோட்டில் வளர்த்ததன் பயன் நிறைவெய்தியதாகும்.